துணிமணிக்குக் காவல்

எங்கள் பெரியப்பா அருவிக் குளியலுக்குப் பதினொரு விதிகள் வைத்திருந்தார். அவற்றை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாதபடி, ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் தினம் ஒரு தடவையாவது யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார். எட்டு வயதில் எனக்கு வாய்ப்பாட்டைவிட அந்த விதிகள்தான் நன்றாகப் பாடம்.

ஒன்று, நல்லெண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் ஊறாமல் அருவிக்குள் போகக் கூடாது. இரண்டு, முதலில் நனைய வேண்டியது கால், தலை அல்ல. மூன்று, விழுகிற தண்ணீருக்கு முதுகைத்தான் காட்ட வேண்டும், முகத்தைக் காட்டக் கூடாது. நான்கு, உள்ளே நிற்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த நான்காவது விதியை அவர் சொல்லும்போதெல்லாம் பெரியம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஏழாவது, சீயக்காய் கூடாது. அருவியே எண்ணெயை எடுத்துவிடும். முடியை இரண்டு விரலால் இழுத்தால் கிறீச்சென்று சத்தம் வர வேண்டும், அப்போதுதான் குளித்ததற்கு அர்த்தம். ஒன்பதாவது, வெயில் அடித்தாலும் மலை உச்சியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே கறுத்தால் கேள்வி கேட்காமல் கரையேறிவிட வேண்டும். பதினொன்றாவது, குளித்து வந்ததும் பசி எடுக்கும், அதை அலட்சியம் செய்யக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் எல்லாரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

தென்காசியில் எங்கள் வீடு பெரிய வீடு. அப்பா ரயில்வேயில் ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்ததால் அம்மாவும் நானும் பெரியப்பாவோடுதான் இருந்தோம். சாரல் காலத்தில் உறவுக்காரர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். பெரியப்பா அவர்களை வில்வண்டியில் ஏற்றி மூன்று மைல் தள்ளியுள்ள குற்றாலத்துக்கு அழைத்துப் போவார். பேரருவிக்கு எதிரே ஒரு பாறையில் எல்லாருடைய துணிமணிகளையும் குவித்துக்கொண்டு உட்கார்ந்து, அங்கிருந்தபடியே விதிகளைக் கூவுவார். குற்றாலத்துக் குரங்குகளை நம்பித் துணியை வைத்துவிட்டுப் போக முடியாது. ஆகவே ஒருவர் காவல் இருக்கத்தான் வேண்டும். அந்தத் தியாகத்தை எல்லாத் தடவையும் பெரியப்பாவே செய்தார்.

அவர் அருவியில் நின்று நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததில்லை என்பதே எனக்குத் தோன்றியதில்லை. சமையல்காரர் சாப்பிட்டாரா என்று பந்தியில் இருப்பவர் யோசிப்பதில்லை அல்லவா, அதுபோல.

அவர் பேச்சுக்கு ஊரில் மரியாதை இருந்ததற்குக் காரணமும் உண்டு. நான் பிறப்பதற்கு முந்திய ஒரு சாரலில், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, எல்லாரும் கரையேற வேண்டும் என்று அவர் பாறையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாராம். சலித்துக்கொண்டே எங்கள் கூட்டம் கரையேறியிருக்கிறது. வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் அருவி செம்மண் நிறமாக இறங்கியதாம். அதிலிருந்து பெரியப்பாவை எல்லாரும் அருவி அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை அவள். அவளுக்கு இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தது. முதல் இடம் ஜாதகம் சரியில்லை என்று போனது. இரண்டாவது இடம் ஜாதகம் மிகவும் சரியாக இருக்கிறது என்று போனது. பத்தொன்பது வயதைத் தரகர் ஜாதகத்தில் பதினேழு என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது வெளிப்பட்டபோது, பெண்ணின் வயதை ஒளிக்கிற குடும்பம் என்று எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. தரகர் செய்த காரியம் என்று பெரியப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து அத்தை தலையில் பூ வைப்பதை நிறுத்திவிட்டாள். அவள் பங்குப் பிச்சிப்பூவையும் எனக்கே வைத்துவிடுவாள். நான் இரண்டு பங்கு பூவோடு தெருவில் பெருமையாகத் திரிந்தேன்.

மூன்றாவதாக வந்த இடம் புளியங்குடி. நிலமும் எலுமிச்சைத் தோட்டமும் உள்ள குடும்பம். மாப்பிள்ளை திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அப்பா அம்மா பார்த்து முடித்தால் சரி என்று சொல்லிவிட்டாராம். அந்த அப்பாவும் அம்மாவும் மட்டும் ஒரு சாரல் நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு கூடை எலுமிச்சம்பழமும் இறங்கியது. ஒரு நாள் தங்கி, அருவியில் குளித்துவிட்டு, பதில் சொல்லிப் போவதாக ஏற்பாடு.

புளியங்குடிக்காரர் நல்ல உயரம், நல்ல பருமன், மீசை காதைத் தொட முயன்றுகொண்டிருந்தது. உட்கார்ந்ததும் முதல் காரியமாக, தமக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றார்.

"நகை கொறஞ்சா பேசிக்கிடலாம் அண்ணாச்சி. நெறம் கொறஞ்சா அதுவும் ஒண்ணுமில்ல. பொய்யி மட்டும் எங்களுக்கு ஆகாது. இங்கன ஒரு பொய்யி இருக்குன்னு தெரிஞ்சா நாங்க வண்டியக் கட்டிருவோம்."

அத்தையின் வயது பத்தொன்பது என்று பெரியப்பா உடனே சொல்லிவிட்டார். இடது முழங்கையில் சிறுவயதில் விழுந்த தழும்பு இருப்பதையும், அவளுக்குப் பாட்டு வராது என்பதையும், கோபம் வந்தால் பேசாமல் இருப்பாள் என்பதையும் கேட்காமலே சொன்னார். இனியும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று யோசித்து, வீட்டுக் கிணறு கோடையில் வற்றும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். புளியங்குடிக்காரர் முகம் மலர்ந்தது.

அதன் பிறகு பேச்சு அருவிக்குப் போயிற்று. பெரியப்பா விதிகளை வரிசையாக எடுத்துவிட்டார். வழக்கமாக மூன்றாவது விதியிலேயே கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் புளியங்குடிக்காரர் சளைக்கவில்லை. பேரருவித் தண்ணீர் தலைக்கு, ஐந்தருவித் தண்ணீர் தோளுக்கு என்றார். காலைத் தண்ணீருக்கும் மாலைத் தண்ணீருக்கும் எடை வேறு என்றார். பெரியப்பா அதை ஒப்புக்கொண்டு, ஆனால் வேறு காரணம் சொன்னார். அப்படி ஒரு துணை அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. இருவரும் மாறி மாறி அருவியை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

புளியங்குடி அம்மாள் நிலைப்படியில் சாய்ந்தபடி வெகு நேரம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, சின்னக் கண். கடைசியில் மிக அமைதியாகச் சொன்னாள்:

"அப்பம் நாளைக்கு ரெண்டு பேரும் சேந்தே நின்னு குளிங்களேன். ரெண்டு வாத்தியாரும் ஒண்ணா நின்னா அருவிக்கும் பெருமதான."

பெரியப்பா கூரையைப் பார்த்தார், புளியங்குடிக்காரர் மீசையைத் தடவினார். பெரியம்மாவுக்கு, வாயில் ஒன்றுமே இல்லாதபோது, புரையேறிற்று.

மறுநாள் காலை விதி ஒன்றின்படி எண்ணெய் தேய்த்துக்கொண்டு புறப்பட்டோம். அம்மா சமையலுக்காக வீட்டில் தங்கிவிட்டாள். பெரியம்மா, அத்தை, விருந்தாளிகள் இருவர், பெரியப்பா, நான். வண்டி மேலகரம் தாண்டும்வரை பெரியப்பா ஒரு விதியும் சொல்லவில்லை. புளியங்குடிக்காரரும் மலையைப் பார்க்காமல் மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தார். எண்ணெய் இருவர் நெற்றியிலும் வழிந்துகொண்டிருந்தது. எண்ணெய்தான் என்று நான் நினைத்தேன்.

ஆண்களின் சாமான் மூட்டையைப் புளியங்குடி அம்மாள் தன் கையாலேயே கட்டியிருந்தாள். அருவிக்கு எதிரே இறங்கியதும் அதை அவிழ்த்து என்னிடம் காட்டி, என்னென்ன இருக்கிறது என்று எண்ணச் சொன்னாள். எண்ணுவது எனக்குப் பிடித்தமான வேலை. விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். வேட்டி இரண்டு. துண்டு இரண்டு. கண்ணாடிக் கூடு ஒன்று. பொடி டப்பி ஒன்று. திருநீற்றுப் பை ஒன்று. செம்பு ஒன்று. எலுமிச்சம்பழம் இரண்டு. ஏழு வகை, பத்து சாமான்.

"எலுமிச்சம்பழம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"பித்தத்துக்கு," என்றாள். அருவிக்கு வருகிறவர்கள் பித்தம் தெளிய எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொள்வதை நான் பார்த்திருந்ததால் அத்தோடு விட்டுவிட்டேன்.

பெண்கள் மூவரும் தங்கள் பக்கத்துக்குப் போனார்கள். போகும்போது அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் எனக்குத் தலை பின்னும்போதுகூட, ஒரே பின்னலை மூன்று தடவை பின்னி அவிழ்த்திருந்தாள்.

இப்போது பாறையில் பெரியப்பாவும் புளியங்குடிக்காரரும் மூட்டையும் நானும்.

பெரியப்பா மூட்டைக்குப் பக்கத்தில் தமக்குரிய இடத்தில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி. நான் துணிமணியப் பாத்துக்கிடுதேன்," என்றார்.

புளியங்குடிக்காரர் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். "அது மொறயில்லல்லா. நீங்க போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"விருந்தாளிய காவல் வச்சுட்டுக் குளிச்சேன்னு நாளைக்கு ஊரு பேசும்."

"மூத்தவர ஒக்கார வச்சுட்டுக் குளிச்சேன்னு எங்க ஊரு பேசாதா?"

"ஒங்க ஊரு புளியங்குடி. அங்கன வரைக்கும் தெரியவா போவுது?"

"என் வீட்டுக்காரி வந்திருக்காளே அண்ணாச்சி."

மரியாதையில் இருவரும் ஒருவரை ஒருவர் விஞ்சிக்கொண்டே போனார்கள். நான்கு பேர் குளித்துவிட்டுத் தலை துவட்டிப் போய்விட்டார்கள். இவர்கள் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பெரியவர்கள்மீது இரக்கம் உண்டாயிற்று. இவ்வளவு சின்னச் சிக்கலைத் தீர்க்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன். எழுந்து நின்று சொன்னேன்:

"ரெண்டு பேரும் போங்க. துணிமணிய நான் பாத்துக்கிடுதேன்."

அந்த இரண்டு முகங்களும் என்னை அப்போது பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நல்ல காரியம் செய்த குழந்தையைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. குரங்கு வரும் என்றார் பெரியப்பா. குச்சி வைத்திருக்கிறேன் என்றேன். பயமாக இருக்கும் என்றார் புளியங்குடிக்காரர். எனக்குப் பயமே கிடையாது என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். பிறகு இருவரும் எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள்போல அருவிப் பக்கமாக நடந்தார்கள்.

நான் குச்சியோடு காவல் இருந்தேன். சிறிது நேரம் கழித்து, வேலையைச் சரியாகச் செய்கிறேனா என்று பார்க்க மூட்டையைப் பிரித்து மறுபடி எண்ணினேன். அவர்கள் கட்டிக்கொண்டு போன துண்டுகள் இரண்டையும் கழித்துவிட்டேன். வேட்டி இரண்டு, கண்ணாடிக் கூடு, பொடி டப்பி, திருநீற்றுப் பை. அவ்வளவுதான். செம்பு இல்லை. எலுமிச்சம்பழம் இரண்டும் இல்லை.

என் கண்ணுக்கு முன்னால் குரங்கு தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. புளியங்குடிக்காரர்களின் செம்பு. சாமானைத் தொலைக்கிற வீடு என்று சொல்லி வண்டியைக் கட்டிவிடுவார்கள். மூன்றாவது இடமும் என்னால் போகும். வீட்டுக்கு எப்படித் திரும்புவது? உடனே சொல்லிவிடுவதுதான் சரி என்று மூட்டையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஆண்கள் குளிக்கும் பக்கமாகத் தேடிப் போனேன். அருவிக்குக் கீழே நின்ற கூட்டத்தில் அவர்கள் இல்லை. தண்ணீர் வழிந்தோடும் ஓடையை ஒட்டி, பெரிய பாறை ஒன்றின் மறைவிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"மெள்ள ஊத்துங்க அண்ணாச்சி. மூஞ்சில படாம."

"கண்ண மூடிக்கிடுங்க. ஒரு செம்புதான்."

எட்டிப் பார்த்தேன். கணுக்கால் அளவு தண்ணீரில் புளியங்குடிக்காரர் மீசையோடு குந்தியிருந்தார். பெரியப்பா கைக்குழந்தைக்கு ஊற்றுவதுபோல, நெற்றியில் கையை அணை கட்டி, செம்பிலிருந்து மெல்ல மெல்லத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்ததும் இடம் மாறிக்கொண்டார்கள். பெரியப்பா குந்தினார், புளியங்குடிக்காரர் எலுமிச்சம்பழத்தைப் பாறையில் தேய்த்து இரண்டாக்கி, அவர் தலையில் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

"செம்புத் தண்ணிக்கு எண்ணெ போவாது. தலயப் பாத்தாக் கண்டுபிடிச்சிருவாவ. இது போட்டாக் கொஞ்சம் எடுக்கும். என் அனுபவம்," என்றார்.

"எத்தன வருசமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து. நீங்க?"

"முப்பத்தஞ்சு வருசம்." பெரியப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குப் பத்து வயசு. எங்கூட ஒரு பய, எங்க தெருதான். வெயிலடிச்சுக்கிட்டு இருக்கு. மேல மலையில மழ பெஞ்சது எங்களுக்குத் தெரியாது. துண்டெடுக்கணும்னு நான் கரைக்கு வந்தேன். அவன் வரல."

புளியங்குடிக்காரரின் கை எலுமிச்சம்பழத்தோடு அப்படியே நின்றது. பிறகு அவர் மெதுவாக மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

"ஒங்களுக்குக் காரணம்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி," என்றார். "எனக்கு அதுகூட இல்ல. அருவியக் கண்டா வெறும் பயந்தான். யாரும் போவல, நான் வழுக்கி விழல, ஒண்ணுமே நடக்கல. காரணம் இருக்கவன் கொடுத்துவச்சவன்."

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று எண்ணினேன். அவர் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"வேணும்னா என் காரணத்த நீங்க எடுத்துக்கிடுங்க," என்றார். "யாருட்டயும் இதுவரைக்கும் சொன்னதில்ல. புத்தம் புதுசா இருக்கு."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தலையில் ஊற்றிய தண்ணீர் அது இல்லை என்பதை மட்டும் என்னால் பார்க்க முடிந்தது. அப்போதுதான் மூட்டையின் முடிச்சு அவிழ்ந்து பொடி டப்பி பாறையில் விழுந்து, இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, எவ்வளவு நேரமா நிக்க?" என்றார் பெரியப்பா.

செம்பும் எலுமிச்சம்பழமும் காணவில்லை என்று தேடி வந்ததாகச் சொன்னேன். செம்பு பெரியப்பா கையிலும் பழம் பெரியப்பா தலையிலும் இருந்தன. ஒன்றும் தொலையவில்லை என்ற நிம்மதி ஒரு கணம்தான் நின்றது. பிறகு வேறு ஒன்று உறைத்தது. நான் புளியங்குடிக்காரரைப் பார்த்துக் கேட்டேன்:

"பொய்யி ஆகாதுன்னு சொன்னிய?"

அவர் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நியாயமான கேள்வி என்று ஒத்துக்கொண்டவர்போல மீசையைப் பிழிந்துவிட்டுக்கொண்டு யோசித்தார்.

"ஆகாதுதான் தாயி. எனக்கு இருக்கது இந்த ஒரு பொய்யிதான். மொத்தத்தையும் ஒரே எடத்துல போட்டு வச்சிருக்கேன். அதனால மத்த எடமெல்லாம் சுத்தமா இருக்கும்."

பெரியப்பா எழுந்து என் தலையில் இருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொன்னால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் சொன்னது வேறு. "நீ பொய் சொல்லாண்டாம்," என்றார். அதோடு சரி.

திரும்பும் வழியில் புளியங்குடிக்காரர் வழுக்குப் பாறையில் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து வாங்க சம்பந்தி," என்றார். அண்ணாச்சியாகப் போனவர் சம்பந்தியாகத் திரும்பி வந்தார். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. இனிமேல் என்னால்தான் கெட வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அருவிக்கரைக் கோயிலுக்கு வெளியே மண்டபத்தில் பெண்கள் ஏற்கெனவே வந்து, கொண்டுவந்த இட்லியைப் பிரித்து வைத்திருந்தார்கள். மூவர் தலையும் எண்ணெய் போய்ப் பஞ்சுபோல இருந்தது. அத்தை என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. குளியல் எப்படி என்று பெரியம்மா கேட்டாள். பேரருவி இன்றைக்கு நல்ல வேகம் என்று பெரியப்பா சொன்னார். தோள் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது என்றார் புளியங்குடிக்காரர். பிறகு இருவரும் விதி பதினொன்றின்படி இட்லியின்மேல் கவனமாயினர்.

புளியங்குடி அம்மாள் என் பக்கம் திரும்பினாள். கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏட்டி, நீதான காவல் இருந்த. ரெண்டு பேரும் நல்லாக் குளிச்சாவளா?"

ஆம் என்றால் பொய். இங்கே ஒரு பொய் இருந்தால் வண்டி கட்டப்படும். இல்லை என்றாலும் பொய் ஒன்று இருந்தது தெரிந்துவிடும், அப்போதும் வண்டி கட்டப்படும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி. அத்தையின் கை என் கையை இறுக்கியது. நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மேகம் எதுவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், என் கண்ணால் கண்டதில் எந்தச் சந்தேகமும் இல்லாத பகுதியை மட்டும் பிரித்தெடுத்துச் சொன்னேன்:

"ரெண்டு பேரு தலையும் நனஞ்சிருந்துது. நான் கிட்டப் போய்ப் பாத்தேன்."

அம்மாள் என்னையே பார்த்தாள். பிறகு ஆண்களின் தலைகளைப் பார்த்தாள். இரண்டு தலையிலும் தண்ணீர் முத்து முத்தாக நின்றுகொண்டிருந்தது.

"நல்ல புள்ள," என்றாள். "பாத்தத மட்டும் சொல்லுதா."

பெரியம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அம்மாளும் பொத்திக்கொண்டாள். ஆனால் சிரிப்பு தலைப்புக்குள் அடங்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, இட்லியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அத்தைகூட, இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, பல் தெரியச் சிரித்தாள். கல்யாணம் கூடிவந்த சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். மண்டபத்துக்கு எதிரே சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து, பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி ஒன்றை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இன்னொரு முறை சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் அத்தை எனக்குப் பூ வைத்துவிட்டு, மீதியைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். என் பூ பாதியாகிப்போனதில் எனக்குச் சிறிது வருத்தம்கூட இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு சாரலுக்கும் புளியங்குடிச் சம்பந்தி வருவார். இருவரும் காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மிகுந்த ஆரவாரத்தோடு அருவிக்குப் புறப்படுவார்கள். துணிமணிக்குக் காவல் நான்தான். பெரியப்பா விதிகள் சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் பாறையிலிருந்து கூவும்போது குரலில் இருந்த அந்தப் பதற்றம் குறைந்துபோயிற்று. இடையிடையே தாமே சிரித்துக்கொள்வார். ஒன்பதாவது விதியை மட்டும் எப்போதும் சிரிக்காமல் சொன்னார்.

இப்போது நான் மருந்து கலக்கக் கற்று, ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கிறேன். எண்ணெயும் தண்ணீரும் தாமாகச் சேரா, சேர்க்கக் கோந்து போட்டு அரைக்க வேண்டும் என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம். எலுமிச்சைச் சாறு அந்த வேலைக்குப் போதாது. அதைப் படித்த அன்று எனக்கு எண்ணெய் போகாமல் தண்ணீர் முத்து முத்தாக நின்ற அந்தத் தலைகள் நினைவுக்கு வந்தன. மண்டபத்தில் இருந்த யாருக்கும் கண்ணைத் திறந்து பார்த்தாலே போதுமாயிருந்திருக்கும். அப்படியானால் என் சாட்சியத்தை ஏன் கேட்டார்கள்? என் பதில் அவ்வளவு சாமர்த்தியமாக இருந்து காரியத்தைக் காப்பாற்றிவிட்டது என்று சமாதானம் செய்துகொண்டேன். பதினைந்து வருஷமாக அத்தையின் கல்யாணம் என்னால் நடந்தது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் லீவில் புளியங்குடிக்குப் போயிருந்தேன். அத்தைக்கு மூன்று பிள்ளைகள். அம்மாள் தளர்ந்திருந்தாலும் சின்னக் கண்கள் அப்படியே இருந்தன. பேச்சுவாக்கில் அன்று நான் காப்பாற்றிய கதையை அவளிடமே சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"ஒங்க பெரியப்பா மொத நாளு அருவியப் பத்தி அவ்வளவு பேசினாவல்லா, அப்பமே எனக்குத் தெரிஞ்சு போச்சு," என்றாள். "குளிச்சு எந்திரிச்சவன் எவன் பேசுதான்? பல்லு கிட்டிப் போய் நடுங்கிக்கிட்டுல்லா நிப்பான். என் வீட்ல ஒண்ண வச்சுக்கிட்டு எனக்குத் தெரியாதா? பயந்த மனுசன், தங்கச்சியப் பத்தி ஒண்ணு விடாம சொல்லுதாவ. மறைக்கது தன் பயத்த மட்டுந்தான். இந்த வீட்டுப் பொண்ணு போதும்னு அன்னைக்கு சாயங்காலமே முடிவு பண்ணிட்டேன்."

என்னிடம் ஏன் கேட்டீர்கள் என்றேன். சிரிக்கத்தான் என்றாள்.

அன்று காலை அந்த மூட்டையை அவள் என்னைக் கொண்டே எண்ண வைத்தாள். அவள் புருஷன் எந்த அருவிக்குப் போனாலும் அவள் எடுத்து வைப்பது ஒரு பழம்தானாம். நான் விரல் மடக்கி, எலுமிச்சம்பழம் இரண்டு என்று சொன்னேன். எண்ணிக்கையில் தவறு இல்லை. இரண்டாவது யாருக்கு என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.